புக்ககோஹேயில் மூன்று சுற்று

1986 மார்ச்சில் ஒரு ஞாயிறு, காலை 7.10. ஆக்லாந்துக்குத் தெற்கே பாபகூராவில் எங்கள் வாடகை வீட்டு வாசலில் இருந்து காரைப் பின்னுக்கு எடுத்தேன். மனைவி பத்மா ஐஸ்கிறீம் பெட்டியில் புட்டும் சம்பலும் வைத்து யன்னலால் நீட்டினாள்.

"கவனமாப் போட்டு வாங்கோ."

"ஓம். சும்மா பாக்கத்தானே போறன்."

கலியாணம் கட்டிய ஏழு வருடத்தில் நான் அவளுக்குச் சொன்ன பெரிய பொய் அதுதான். பின் இருக்கையில் போர்வைக்குள், இரவல் வாங்கிய தலைக்கவசம் ஒன்று கிடந்தது.

போன இடம் புக்ககோஹே. தெற்கே இருபது கிலோமீட்டர். அங்குள்ள கார்ப் பந்தயத் திடலை அன்று ஒரு கழகம் எல்லோருக்கும் திறந்துவிட்டிருந்தது. இருபத்தைந்து டொலர் கட்டினால் யாரும் தன் சொந்தக் காரை வேக எல்லை இல்லாமல் ஓட்டலாம். போட்டி இல்லை, பரிசு இல்லை. ஆனால் உடைந்தால் உடைந்ததுதான். பந்தயத் திடலில் நடப்பதற்குப் பொறுப்பில்லை என்று காப்புறுதிக் கடிதத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. அதை நான்கு தரம் வாசித்திருந்தேன்.

எங்களிடம் இருந்தது அந்த ஒரே கார். எட்டு வயதான, ஆரஞ்சு நிற ஜப்பான் கார். பத்மா மாங்கெரெயில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தாள். காலை 6.45க்கு அங்கே நிற்க வேண்டும். அந்த நேரத்துக்குப் பாபகூராவில் இருந்து நேரே போக பஸ் கிடையாது. கார் போனால் அவள் வேலையும் போகும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

பிறகு ஏன் போனாய் என்று கேட்பீர்கள். என் வாழ்க்கையில் அதுவரை வந்த பயங்கள் எல்லாம் கேளாமல் வந்தவை. ஊரில் வாசலில் இராணுவ ஜீப் நிற்கிற பயம், விசாக் கடிதம் வருமோ என்ற பயம், ஆக்லாந்து அலுவலகத்தில் கட்டடப் படம் கீறும் மேசையை நாளைக்கும் தருவார்களோ என்ற பயம். ஒரே ஒரு பயத்தையாவது நானே தெரிந்தெடுத்துப் பார்க்க வேண்டும் போலிருந்தது. இதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று யாருக்கும் சொல்லவில்லை.

7.45. டுறூரி, பயறாட்டா தாண்டியதும் மண் சிவந்துவிட்டது. இருபுறமும் வெங்காய வயல். எங்கள் ஊர்ச் செம்மண்ணே கப்பலேறி வந்ததுபோல் கிடந்தது. வேறு நாளாயிருந்தால் இறங்கி ஒரு பிடி அள்ளிப் பார்த்திருப்பேன். அன்று வயலடியில் நிறுத்தவில்லை. பெற்றோல் நிலையத்தில் நிறுத்தி மலசலகூடம் போனேன்.

8.05. திடல் வாசலில் மணியம் கையை ஆட்டினான். ஈப்போவில் இருந்து வந்து பாபகூராவில் ஒரு கராஜில் வேலை செய்கிறவன். என்னை இதற்குள் இழுத்துவிட்டதும், தலைக்கவசம் தந்ததும் அவன்தான்.

"அண்ணே, வந்துட்டீங்களா! காடிய இப்பிடி வரிசையில விடுங்க லா."

"மணியம், நான் ஓடப்போறேல்லை. பாத்திட்டுப் போறன்."

"ஏன்?"

"பிரேக் கொஞ்சம் சரியில்லாத மாதிரிக் கிடக்கு."

"போன வாரம் பிரேக்க நான்தானே மாத்துனேன்!"

"மழை வரும் போல..."

"வந்தா மெதுவா ஓட்டுங்க. மழைக்குப் பயந்தா ஆக்லாந்துல குடியிருக்க முடியுமாண்ணே?"

எனக்கு வேறு சாட்டுக் கிடைக்கவில்லை. முன்விளக்குக் கண்ணாடி உடைந்து சிதறாமல் இருக்க மணியம் அதன்மேல் ஒட்டுத்தாளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினான். கார் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிற ஆள் மாதிரித் தெரிந்தது.

9.30. முதல் குழு ஓடத் தொடங்கியது. கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு பச்சைக் கார் வளைவில் வழுக்கிச் சுற்றி, சீமெந்துச் சுவரில் மூக்கை இடித்தது. அதைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். ஓட்டியவருக்கு ஒரு கீறலும் இல்லை. ஆனால் தலைக்கவசத்தைக் கழற்றாமல், ஸ்டியரிங்கை விடாமல், கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். அந்த மனிதருக்கு நாளைக்கு வேலைக்குப் போக வேறு கார் இருக்குமா என்றுதான் யோசித்தேன். அத்தோடு என் துணிவு முடிந்தது. வீட்டுக்குப் போவது என்று தீர்மானித்தேன்.

தலைக்கவசத்தை உள்ளே வைக்கலாம் என்று காரின் பின்பெட்டியைத் திறந்தேன். வெறுமையாகக் கிடந்தது. ஸ்பெயர் சில்லு, ஜாக்கி, அரிசி மூட்டை, மகளின் மழைச் சப்பாத்து, ஒன்றும் இல்லை. காருக்குள் எந்தச் சாமானும் கிடக்கக்கூடாது என்பது கழகத்தின் விதி. விதித்தாளை மடித்துத் தலைக்கவசத்துக்குள் ஒளித்திருந்தேன். பத்மா அதைக் கண்டிருக்கிறாள். நான் குளிக்கும்போது அந்தச் சில்லைத் தனியாகத் தூக்கி இறக்கியிருக்கிறாள்.

நடுவில் ஒரு துணிப்பை மட்டும். அதற்குள் எங்கள் பின்வளவு மரத்து எலுமிச்சம்பழம் நான்கும், அவளுடைய கையெழுத்தில் ஒரு துண்டும் இருந்தன.

"4.55 நடை. 5.20 ரயில். ஒட்டாஹூஹு. 6.00 பஸ். பிறகு 25 நிமிஷம் நடை. ரெண்டு கிழமை சமாளிப்பன்."

வேறொன்றும் எழுதவில்லை. கார் உடைந்தால் அவள் வேலைக்குப் போகிற வழி அது. அவ்வளவு நேரமும் காருக்காகப் பயந்தவன், இப்போது அந்த இருட்டில் நடக்கப் போகிற மனுஷிக்காகப் பயந்தேன். ஆனால் இதைக் கண்ட பிறகு ஓடாமல் திரும்பிப் போய் அவள் முகத்தைப் பார்க்கவும் எனக்கு மனம் வரவில்லை.

11.20. புதியவர்களின் முறை. வரிசையில் நின்றபோது இறங்கி, நான்கு சில்லுக்கும் முன்னால் ஒவ்வொரு பழமாக வைத்தேன்.

"அண்ணே, எலுமிச்சங்காயா? இங்கயா?" மணியம் தலையில் கை வைத்தான்.

இந்த நாட்டு எலுமிச்சை பெரிசு, தோல் தடிப்பு. கார் ஏறி இறங்கியபோது பின்னால் நின்றவர்களுக்கும் சத்தம் கேட்டிருக்கும். வெள்ளை மேலங்கி போட்ட அதிகாரி ஓடிவந்து கையைக் காட்டி நிறுத்தினார். சில்லடியில் ஈரத்தைக் கண்டு பிரேக் எண்ணெய் ஒழுகுகிறது என்று நினைத்துவிட்டார். முழந்தாளிட்டு, விரலால் தொட்டு முகர்ந்தார். பிறகு என்னை அண்ணாந்து பார்த்தார். இது எங்கள் வழக்கம், நல்லபடியாகத் திரும்பி வருவதற்கு என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அடுத்த கார் வழுக்காமல் இருக்க எல்லாவற்றையும் பொறுக்கச் சொன்னார். பொறுக்கினேன். வரிசை முழுவதும் காத்து நின்றது.

மூன்று சுற்று ஓடினேன். ஒரு சுற்று மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. என்னை எல்லோரும் முந்தினார்கள். ரயில் பாதை ஓரமாகப் போகிற நீண்ட நேர்ப்பாதையில் வேகமானி முள் 130ஐத் தொட்டது. அதன் முடிவில், கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தபோது பின்பக்கம் மெல்ல விலகியது. "பத்மா!" என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன். கார் நேரானது. அதற்குப் பிறகு ஒரு சுற்று முழுக்க வாயைத் திறந்தபடிதான் ஓடியிருக்கிறேன். நாக்கு வறண்டு போயிருந்தது.

2.15. வீட்டு வாசல். பத்மா வெளியே வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. காரை ஒரு முறை சுற்றி வந்தாள். குனிந்து சில்லைத் தொட்டாள்.

"தேசிக்காய் நல்லா நசிஞ்சுதோ?"

"நாலும்."

"புட்டுச் சாப்பிட்டீங்களோ?"

"இல்லை. ஒரு வாயும் இறங்கேல்லை."

"வாங்கோ, சோறு போடுறன்."

குசினித் தட்டில் எங்கள் அலாரம் மணிக்கூடு இருந்தது. வழமையாக ஐந்தரைக்கு நிற்கும் சிவப்பு முள் நாலேகாலில் நின்றது. அவள் அதை எடுத்து, பின்பக்கத் திருகைப் பிடித்து ஐந்தரைக்குத் திருப்பினாள். முதல் தரம் தாண்டிப் போய்விட்டது. இரண்டாம் தரமும் நிற்கவில்லை. நான் எழுந்து போய், அவள் கையோடு சேர்த்துப் பிடித்து, முள்ளை ஐந்தரையில் நிறுத்தினேன்.