முடிக்க விடாத கேள்வி

போடியில் நான் ஸ்கேன் டாக்டர். "ஆணா, பெண்ணா?" என்று கேட்பவர்களைத் துரத்தியே அலுத்துப்போனவள்.

ஏலத்தோட்டத்திலிருந்து வந்த ஏழு மாதக் கர்ப்பிணிக்கு எலாஸ்டோகிராபி ஸ்கேன் எடுத்து, நஞ்சுக்கொடி சற்று இறுகியிருப்பதாகச் சொன்னேன். அவள் கணவர் மட்டும் திரும்பி வந்து, "டாக்டரம்மா, ரகசியமா ஒண்ணு கேக்கணும்" என்றார்.

அதே கேள்விதான் என்று நினைத்து, "அதைச் சொன்னா நான் ஜெயிலுக்குப் போகணும். வெளியே போய்யா!" என்று கத்தினேன். வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அது இல்லம்மா. தோட்டத்துல நான் பூச்சிமருந்து அடிக்கிறேன். என் சட்டையை இவதான் தொவைக்கிறா. அதுலதான் இறுகிப்போச்சா?"

எனக்குத் தெரியவில்லை. இறுக்கத்தை அளக்கும் கருவி காரணத்தைச் சொல்வதில்லை.

அன்றோடு திருந்திவிட்டேன் என்று எழுதத்தான் ஆசை. நேற்றும் ஒருவரைக் கேள்வியை முடிக்கவிடாமல் விரட்டினேன்.