எலிக்குட்டிக்கு எண்ணெய்

1992 இருக்கும். பட்டர்வொர்த்திலிருந்து தினமும் காலையில் ஃபெரி பிடித்துப் பினாங்குத் தீவுக்குப் போய், ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் எலிக்கூண்டு கழுவிக்கொண்டிருந்தேன். வெள்ளெலிகளுக்குத் தீனி வைப்பதும் மரத்தூள் மாற்றுவதும் என் வேலை. எலியைக் கண்டாலே அலறுகிற எனக்கு எலிகள்தான் சோறு போட்டன.

ஒரு முறை பிறந்த குட்டிகளில் இரண்டுக்கு மட்டும் தோல் வறண்டு வெடித்திருந்தது. தோல் வழியே உடம்பின் ஈரம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்க்க, எங்கள் டாக்டரம்மா அவற்றை மணிக்கொரு தரம் நிறுத்து எழுதினார். தமிழ்ப்பெண்தான், என்னைவிடச் சின்னவர். "தொட்டுராதீங்கக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் சாப்பிடப் போனார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. கை வெடிப்புக்காகப் பையில் வைத்திருந்த தேங்காய் எண்ணெயை விரல் நுனியில் தொட்டு இரண்டுக்கும் தடவிவிட்டேன்.

திரும்பி வந்தவருக்குத் தராசைப் பார்த்ததும் முகம் மாறிப்போயிற்று.

"என்னக்கா செஞ்சீங்க? எடை கொறையவே இல்ல. இந்தக் குட்டிங்களுக்கு மூணு மாசமா காத்திருந்தேன் லா!"

வேலை போயிற்று என்றே நினைத்தேன். பொய் சொல்லவும் வாய் வரவில்லை.

அதற்கு ஆறு வருடத்துக்கு முன் எனக்கும் ஒரு பெண் குழந்தை இப்படித்தான் தோல் வெடித்துப் பிறந்தாள். ஒன்பது நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தாள். தொட்டால் உரிந்துவிடும் என்று என்னைத் தூக்கவே விடவில்லை. எண்ணெய் தேய்த்து, காலில் போட்டுக் குளிப்பாட்ட எனக்குக் கொள்ளை ஆசை. "கிரகணத்தன்னிக்குக் காய் நறுக்குனா வேற எப்படிப் பொறக்கும்?" என்றார் மாமியார். அவளை நானே கொன்றுவிட்டேன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

டாக்டரம்மா தாய் எலியும் தகப்பன் எலியும் இருந்த கூண்டைக் காட்டினார்.

"பாருங்கக்கா, ரெண்டும் நல்லாத்தானே இருக்கு? ஆனா ரெண்டுக்குள்ளயும் ஒரே கொறை மறைஞ்சிருக்கு. ரெண்டு பக்கமும் சேந்து வந்துட்டா அந்தக் குட்டிக்குத் தோல் சரியா மூடாது. இதுங்க எந்தக் கிரகணத்துல காய் நறுக்குச்சு?"

முதலில் சிரித்துவிட்டேன். அப்புறம் உட்கார்ந்து அழுதேன். அவர் நோட்டில் 'எண்ணெய் தடவப்பட்டது' என்று எழுதி அந்தப் பக்கத்தைக் கோடு போட்டு அடித்தார். என்னைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை.

அவள் போனதற்கு நான் காரணமில்லை என்று தெரிந்த பிறகும் அந்த ஆசை மட்டும் போகவில்லை. இன்றைக்கும் யாராவது பச்சைப்பிள்ளையை எண்ணெய் தேய்க்க என் காலில் போட்டால், ஒரு தரம்கூடத் தொடாத என் மகளைத்தான் என் கை தேடுகிறது.