எந்தக் கேமராவில் பார்த்தான்?

போன செவ்வாய்க்கிழமை. பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டிகளோடு நிற்கிறேன். போனில் ஒரு மெயில். இங்கிலீஷ்... போனே தமிழாக்கிக் காட்டியது.

உன் கணக்கை ஹேக் செய்துவிட்டேன். உன் கம்ப்யூட்டர் கேமரா வழியாக உன்னை அசிங்கமாகப் படம் எடுத்திருக்கிறேன். இரண்டு நாளில் பணம் வராவிட்டால் உனக்குத் தெரிந்த எல்லோருக்கும் அனுப்புவேன். யாரிடமும் சொல்லாதே.

கீழே என் பாஸ்வேர்டு — ஓர் எழுத்துகூடப் பிசகாமல்!

பசங்களா, ஒளிக்காமல் சொல்கிறேன். நான் பயந்துவிட்டேன். தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம் என்பீர்கள். வீடு வீடாகப் போய் அதைச் சொல்ல முடியுமா?

மெயில் கணக்கையே அழித்துவிடலாம் என்று விரல் போய்விட்டது. என் மகள் காவ்யாவுக்கு நர்சிங் காலேஜ் அழைப்பு அந்த மெயிலுக்குத்தான் வரவேண்டும். அது அப்போதுதான் ஞாபகம் வந்தது. விரலை எடுத்தேன்.

மண்டியில் ஒருவர், "யார்கிட்டயும் சொல்லாத, சட்டுனு இறக்கு" என்று அவசரப்படுத்தினால் நாங்கள் பெட்டியில் கை வைக்க விடமாட்டோம். நாலு பேரிடம் விலை விசாரிப்போம். இந்த மெயிலும் அதே பேச்சுத்தானே பேசுகிறது?

பக்கத்தில் நின்ற எங்கள் ஊர் மணியண்ணனிடம் மெல்லச் சொன்னேன். சிரித்துவிட்டார். அவருக்கும் அதே மெயில் வந்து, ஊர் பிரவுசிங் சென்டரில் படித்துக் காட்டினார்களாம்.

"கம்ப்யூட்டர்ல பாத்தானாம் தம்பி. நானே பட்டன் போனு வச்சிருக்கறேன். மாட்டுக்கொட்டாயிலயா கம்ப்யூட்டர் இருக்குது?"

என் வீட்டிலும்தான் கம்ப்யூட்டர் இல்லை. பயத்தில் அது தோன்றவே இல்லை!

வீட்டுக்கு வந்து காவ்யாவிடம் மெயிலைக் காட்டினேன். அப்போ பாஸ்வேர்டு? எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு மெயில் தொடங்கிக் கொடுத்தது அந்த சென்டர்தான். மறக்கக் கூடாதென்று எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு — ஊர்ப் பெயரும் ஒன்று, இரண்டு, மூன்றும். அதையே நாங்கள் எல்லா இடத்திலும் போட்டோம். எங்கேயோ கசிந்திருக்கும், அதை வைத்து மிரட்டுகிறான் என்றாள் காவ்யா.

பதில் போடவில்லை. பணமும் அனுப்பவில்லை. பாஸ்வேர்டை மாற்றி, போனுக்கு எண் வந்தால்தான் திறக்கும்படி இன்னொரு பூட்டும் போட்டாள். பிறகு திரையைப் பார்த்தபடியே நின்றாள். மிரட்டலுக்கு மேலேயே, அன்று மதியம் வந்த இன்னொரு மெயில்.

"அப்பா... காலேஜ்ல கூப்ட்டிருக்காங்கப்பா."

'யாரிடமும் சொல்லாதே' என்று எவன் மிரட்டினாலும், முதல் வேலையாக வீட்டில் சொல்லிவிடுங்கள்.

புதுப் பாஸ்வேர்டு என்னவென்று மட்டும் கேட்காதீர்கள். காவ்யா எனக்கே இன்னும் சொல்லவில்லை.