எண்பது கட்டத்துக்குள் ஒரு பட்டம்

எங்கள் கண் மருத்துவமனையில் அவருக்கு 'எண்பது அக்கா' என்று பெயர். வயது ஐம்பத்திரண்டுதான். காத்திருப்போர் கூடத்தில் தொங்கும் கறுப்புத் திரைக்கு நிரல் எழுதியவர் அவர். அதில் ஒரு வரிக்கு எண்பது கட்டம், கட்டத்துக்கு ஓர் எழுத்து. யார் எதைப் போடச் சொன்னாலும், "எண்பதுக்குள்ள வருமா?" என்பார். கல்யாணப் பத்திரிகையை நீட்டினாலும் இதையேதான் கேட்பார் என்று நாங்கள் கிண்டல் செய்வோம்.

பதிவு மேசையில் உட்கார்ந்து வரிகளை அடிப்பவள் நான். மருத்துவர் பெயர், அறை எண், கடைசியில் 'உள்ளார்' அல்லது 'விடுமுறை'. பதினொரு வருடமாக ஒரு குறையும் இல்லை.

புதிதாக வந்த நிர்வாகி திரையைப் பார்த்ததும் மூக்கைச் சுளித்தார். "இதென்ன, கலர் இல்லை, படம் இல்லை! டாக்டர்களுக்கு ஒரு மரியாதைகூட இல்லை. பேருக்கு முன்னாடி பட்டமெல்லாம் வரணும். திங்கக்கிழமை ஒழுங்கா ஓடலைன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்." அக்காவின் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. வீட்டில் சம்பாதிப்பவர் அவர் ஒருத்தர்தான்.

அக்கா நேராகப் போய் நிரலைத் திறந்தார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. மரியாதையாம், மண்ணாங்கட்டி!

அக்கா இரண்டே நாளில் முடித்துவிட்டார். பெயருக்கு முன்னால் கர்சரை நிறுத்தி அடித்தால் புதுச் சொல் அங்கே செருகிக்கொள்ளும். பழையதெல்லாம் அழியாமல் வலப்பக்கம் நகர்ந்து வழிவிடும். மருத்துவமனையிலேயே குட்டிப் பெயர்க்காரரான குழந்தை மருத்துவரின் வரியில் சோதித்துப் பார்த்தார். அழகாக நகர்ந்தது.

திங்கட்கிழமை காலை பட்டங்களை அடிக்க உட்கார்ந்தேன். தலைமை மருத்துவர் வெள்ளிக்கிழமையே கொடுத்துவிட்டுப் போயிருந்த சீட்டைப் பார்த்துத் தலை சுற்றியது. மனிதர் வாங்காத பட்டம் ஏதாவது பாக்கி இருக்கிறதா? முனகிக்கொண்டே செருகினேன். ஒவ்வோர் எழுத்துக்கும் வரி ஒரு கட்டம் தள்ளிப்போனது. கடைசியில் இருந்த 'விடுமுறை' ஓரத்தைத் தாண்டி எழுத்தெழுத்தாகக் காணாமல் போனதைக் கண்ணாரப் பார்த்தேன். அந்தப் பக்கம் எங்காவது இருக்கும் என்று நினைத்துக் காபி குடிக்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்தால், தலைமை மருத்துவரின் பூட்டிய அறைக்கு முன் முப்பது பேர்! திரையை நம்பி நர்ஸ் அத்தனை பேருக்கும் பரிசோதனைக்காகப் பார்வையை மங்கவைக்கும் சொட்டு மருந்து வேறு விட்டிருந்தார். ஒருவருக்கும் எதிரில் நிற்பது யாரென்று தெரியவில்லை. விசாரிக்க வந்த நிர்வாகியை டாக்டர் என்று நினைத்து, ஒரு பெரியவர் அவர் முகத்துக்கு நேரே கண்ணை அகல விரித்துக் காட்டினார். அக்கா அதற்குள் தன் கணினியில் குனிந்திருந்தார்.

"யார் பார்த்த வேலை இது?" என்று நிர்வாகி கத்தினார். நான் மேசைக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"நான் எழுதினதுதான் சார்," என்றார் அக்கா. "வரி நிரம்பினா, நுனியில இருக்கறது சத்தமில்லாம விழுந்துடுது. நீளமான பேரை வச்சுப் பார்க்காம விட்டுட்டேன். அரை மணி நேரம் குடுங்க."

அரை மணியில் வரியின் அடுக்கையே மாற்றினார். முதலில் அறை எண், அடுத்து உள்ளாரா விடுமுறையா, பிறகு பெயர், பட்டமெல்லாம் கடைசியில். இனி விழுந்தால் பட்டம்தான் விழும்.

மறுநாள் தலைமை மருத்துவர் வந்து திரையை அண்ணாந்து பார்த்தார். "என் கடைசி ரெண்டு பட்டம் எங்கேம்மா?"

"இடம் பத்தல டாக்டர். ரூம் நம்பரை எடுத்துட்டு அதைப் போடட்டுமா?" என்றார் அக்கா.

கூடமே அவரைப் பார்த்தது. "ஐயையோ, வேண்டாம்மா!" என்று சிரித்துவிட்டார். அவரே சிரித்த பிறகு நிர்வாகி என்ன செய்வார்? சாயங்காலமே ஒப்பந்தத்தை நீட்டித்துக் கையெழுத்துப் போட்டார்.

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. "அக்கா, அந்த வார்த்தை விழுந்ததை நான் பார்த்தேன். பார்த்துட்டுதான் எழுந்து போனேன்."

"தெரியும். யார் எப்போ என்ன அடிச்சாங்கன்னு என் கணினியில பதிவாகும். அவர் கத்தறதுக்கு முன்னாடியே பார்த்துட்டேன்."

"அப்புறம் ஏன் சொல்லலை? உங்க வேலையே போயிருக்குமே!" கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"எனக்காவது மாசக் கடைசி வரைக்கும் நேரம் இருந்துது. உன்னை அந்த நிமிஷமே அனுப்பியிருப்பார்," என்றார் அக்கா.