ஃப்ளாப்பிக்கு வைத்த பொட்டு

அப்பாவின் டைப்பிங் கடைக்குள் நுழைந்தால், சூடேறிய மிஷினின் பிளாஸ்டிக் வாசனையும் ஊதுவத்தி வாசனையும் கலந்து மூக்கில் ஏறும். வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்க வருகிறவர்களை நம்பி நடந்த கடை அது. தட்டச்சு மிஷின்களை ஓரங்கட்டிவிட்டு அவர் வாங்கிப்போட்ட, தமிழும் இங்கிலீஷும் அடிக்கிற, திரையில் பச்சை எழுத்து ஓடுகிற புது மிஷினை "வேர்டு மிஷின்" என்றுதான் சொல்வார். அடித்ததையெல்லாம் சேர்த்துவைக்கிற கறுப்புச் சதுரத்துக்கு "ஃப்ளாப்பி" என்று பேர் என்பது எங்கள் தெருவிலேயே எனக்குத்தான் முதலில் தெரியும் என்று எனக்கு ஒரே பெருமை.

ஆயுத பூஜைக்கு மிஷின்களுக்குச் சந்தனப் பொட்டு வைப்பது எப்போதும் அமுதா அக்காவின் வேலை. எனக்கு எட்டு வயதான வருஷம் அக்கா இல்லை. தனக்குப் பிடித்தவரைக் கல்யாணம் செய்துகொண்டு கீழ்பென்னாத்தூருக்குப் போய்விட்டாள். பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம், ஆனால் அப்பா போகவில்லை, அவள் பேரையும் வீட்டில் யாரும் எடுக்கவில்லை. பூஜைக்கு முந்தின நாள், கடையில் ஆளே இல்லாத நேரத்தில், அவர் எதையோ அடித்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன், "அன்புள்ள அமுதாவுக்கு" என்று தொடங்கியிருந்தது. என்னைக் கண்டதும் ஃப்ளாப்பியில் சேர்த்துவிட்டு மிஷினை நிறுத்தினார். "பூஜை முடியட்டும், பிரிண்ட் எடுத்துக்கலாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மறுநாள் சந்தனக் கிண்ணம் என் கைக்கு வந்தது. திரைக்கு வைத்தேன், பிரிண்டருக்கு வைத்தேன். ஃப்ளாப்பியின் கறுப்பு உறையில் நீளமாக ஒரு திறப்பு இருக்கும், அதற்குள், எழுத்தெல்லாம் பதிகிற தகடு பழுப்பாக மினுங்கும். அதுதான் அதன் முகம் என்று எனக்குப் பட்டது. நடுவில் அழுத்தி ஒரு பொட்டு, அதன்மேல் குங்குமம். அக்கா உறையின் மூலையில்தான் வைப்பாள் என்பதை நான் கவனித்ததே இல்லை.

அதன்பிறகு மிஷின் அந்த ஃப்ளாப்பியைப் படிக்கவே இல்லை. அப்பா துடைத்துப் பார்த்தார், ஊதிப் பார்த்தார், கடைசியில் "சரி, வுடு" என்றார். என்னைத் திட்டவில்லை. மறுபடி உட்கார்ந்து அடிக்கவும் இல்லை. அவர் கண்மூடும்வரை அக்காவுக்கு ஒரு வரி போகவில்லை.

இன்று அந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. வேர்டு மிஷின் பழைய இரும்புக்குப் போய்ப் பல வருஷம் ஆகிறது. போன மாதம் அப்பாவின் பழைய பெட்டியைக் கிளறியபோது ஃப்ளாப்பி மட்டும் கிடைத்தது. சென்னையில் தெரிந்தவர் ஒருவர் அதிலிருந்து எடுக்க முடிந்ததை எடுத்து, அந்தப் பழைய மிஷினைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு ப்ரோகிராமோடு என் லேப்டாப்பில் போட்டுத் தந்தார். அக்காவை வரவழைத்துப் பக்கத்தில் உட்காரவைத்தேன். அப்படி ஒரு கடிதம் இருந்ததையே அன்றுதான் அவளிடம் சொன்னேன். அதே பச்சை எழுத்து வந்தது, தொடங்கும்போது போடுகிற அதே "கீக்" சத்தம்கூட வந்தது. ஃபைல்களின் வரிசையில் இங்கிலீஷில் அமுதா என்ற பேரும் வந்தது. திறந்தால், படிக்க முடியவில்லை என்று மட்டும் காட்டியது. திரும்பத் திரும்ப அழுத்தினேன், திரும்பத் திரும்ப அதையே காட்டியது.

வரச் சொல்லி எழுதியிருப்பாரா, இனிமேல் வராதே என்று எழுதியிருப்பாரா என்று அக்கா கேட்டாள். அன்புள்ள என்று அப்பா எல்லோருக்கும்தான் போடுவார், தெரியாது என்றேன். அவள் ஃப்ளாப்பியைக் கையில் எடுத்து, தகட்டில் காய்ந்திருந்த கறையை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இதுல போயி யாருடி பொட்டு வெச்சது?"

"நான்தான்க்கா" என்றேன். "அந்த வருஷம் நீ இல்லியே."