கடைசியில் வருகிறவரின் முதுகு

“நான் இந்த உலகத்துல பார்த்ததெல்லாம் முதுகுதான்யா. வேற எதைப் பார்த்தேன், சொல்லு!”

கசிரான் இதைச் சொல்லாத நாள் கிடையாது. கிளாத்தன் ஊர்ச் சந்தைக்கு எதிரே புளியமரத்தடியில் முடிவெட்டுகிறவர். காலையிலிருந்து மதியம் வரைக்கும் ஊரார் பின்மண்டை. ஞாயிற்றுக்கிழமையானால் பழைய சைக்கிள் சங்கத்தோடு ஊர்வலம். அங்கே ஊரார் பின்பக்கம். சங்கத்தில் அவருக்குப் பதவி ‘துடைப்பம்’. கூட்டத்தின் கடைசி ஆளாக வரவேண்டும். பஞ்சர் ஆனவனுக்கு ஒட்டுப் போட்டு, சங்கிலி கழன்றவனுக்கு மாட்டிவிட்டு, மூச்சு வாங்குகிறவனைத் தள்ளிக்கொண்டு, ஒருத்தரையும் விடாமல் பெருக்கி எடுத்துக்கொண்டு வருவதால் அந்தப் பெயர். டச்சுக்காரன் காலத்துச் சைக்கிள்கள் ஆயிற்றே, பெருக்குவதற்குக் குறைச்சல் இல்லை.

இருபத்து நாலு வருஷம் இப்படி வந்ததில் அவருக்கு ஒரு ஞானம் வாய்த்திருந்தது. “தலைவரே, காற்சட்டை தையல் விட்டுடுச்சு!” “தலிஜோ, சட்டையில காக்கா எச்சம்!” பின்னாலிருந்து இந்தக் குரல் வந்தால் முன்னால் போகிறவர்கள் ஓரங்கட்டிச் சரிசெய்துகொள்வார்கள். இன்னொரு குரலும் வரும்: “மெதுவா! மெதுவாப் போங்கய்யா!” அதை மட்டும் யாரும் காதில் போட்டுக்கொண்டதில்லை.

அந்த வருஷம் சுதந்திர தினத்துக்கு, இருபத்தெட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கெடுங்ரேஜோ கிராமத்திலிருந்து அழைப்பு வந்தது. பழைய சைக்கிள்களுக்கு ஊர்ப் போட்டி. சங்கத்தலைவர் ஹர்ஜோனோ வட்டார அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவர். ‘வாங்க’ என்று சொல்வதற்கே ஒரு சுற்றறிக்கை போடுகிற ஆள். தொண்டையைக் கனைத்தார்.

“அதாவது, கிராமத் திடலை மூணு சுத்து. அதாவது, போன வருஷம் எப்படியோ அப்படியே.”

கசிரான் கையைத் தூக்கினார். “போட்டியில துடைப்பம் தேவையில்லையே? நானும் ஓட்டறேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எவன் முதுகும் இல்லாம ரோடு எப்படி இருக்கும்னு பார்த்துடறேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

போட்டியன்று எல்லாருக்கும் சுதந்திரப் போராளி வேஷம். காக்கிச் சட்டை, தலையில் தேசியக் கொடி நிறத்தில் சிவப்பு வெள்ளைத் துணி. கசிரானின் காக்கிச் சட்டையில் முதுகுப்பக்கம் இஸ்திரிப்பெட்டி சுட்டு ஒரு ஓட்டை. மனைவி ருமியாதி காலையில் அவசரமாக ஒரு ஒட்டுப் போட்டுக் கொடுத்தாள்.

“எதை வச்சுத் தச்சே?”

“கைக்குக் கிடைச்சதை. உங்க முதுகை எவன் பார்க்கப் போறான்? கடைசியாத்தானே போவீங்க!”

கசிரானுக்குச் சுருக்கென்றது. ஒட்டைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

வழியெல்லாம் தலைவரின் தொப்பி தொடங்கிப் பதினாலு முதுகுகள். கிராமத்துக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது தலிஜோவின் பின் டயர் ‘டப்’பென்றது. தலிஜோ சோயா வடை வியாபாரி. விற்பதில் பாதி அவன் வயிற்றுக்குத்தான் போகும் என்பார்கள்.

“அண்ணே... ஒட்டு... ஒட்டுப் போடுங்கண்ணே... மூச்சு... வாங்குது.”

“டயருக்கு மூச்சு போச்சு, உனக்கு ஏன்டா வாங்குது?”

கசிரான் வாய்க்கால் தண்ணீரில் ட்யூபை முக்கி, ஓட்டையைக் கண்டுபிடித்து, ஒட்டி, காற்றடித்துக் கொடுத்தார். தலிஜோ ஏறி உட்கார்ந்தான். “சாமானை அள்ளிட்டு வாங்கண்ணே. நான் போய் உங்களுக்கு இடம் பிடிச்சு வைக்கிறேன்!”

அவன் திடலுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒலிபெருக்கியில் கிராமத்தலைவர் பேசிக்கொண்டிருந்தார். போன வருஷம் ரெண்டு பெரியவர்கள் வளைவில் வயலுக்குள் போய் விழுந்துவிட்டார்களாம். அதனால் இந்த வருஷம் போட்டி மாறிவிட்டது. வளைவிலிருந்து கொடிக்கயிறு வரைக்கும் ஐம்பது தப்படி. யார் காலைத் தரையில் ஊன்றாமல் எல்லாருக்கும் கடைசியாக வந்து சேர்கிறாரோ, அவருக்கே முதல் பரிசு. நின்றபடி சுழலும் பெரிய மின்விசிறி.

ஹர்ஜோனோ தலிஜோவின் பக்கம் திரும்பினார். “அதாவது, கசிரான்கிட்ட இதைச் சொல்லிடு.”

வாய் நிறைய வடையோடு தலிஜோ தலையாட்டினான். தலையாட்டினதோடு அவன் கடமை முடிந்தது.

கசிரான் பம்பும் பெட்டியுமாக வந்து சேர்ந்தபோது எல்லாரும் சுண்ணாம்புக் கோடுகளுக்குள் நின்றிருந்தார்கள். ஓரத்தில் ஒரு கோடு காலி. பெட்டியைக் கீழே போட்டுவிட்டு அதற்குள் சைக்கிளை நுழைத்தார். விசில் ஒலித்தது.

கசிரான் பாய்ந்தார்.

அறுபத்தொரு வயசுக்கால் அப்படி மிதிக்கும் என்று அந்தக் காலுக்கே தெரியாது. ஓரக்கண்ணால் பார்த்தார், பக்கத்தில் ஒருத்தரும் இல்லை. கூட்டம் ஓவென்று கத்தியது. பின்னாலிருந்து தலைவரின் குரல்: “மெதுவா! கசிரான், மெதுவா!” தலிஜோவின் குரல்: “அண்ணே! மெதுவாண்ணே!”

கெஞ்சுகிறார்கள் என்று நினைத்தார் கசிரான். இருபத்து நாலு வருஷம் நான் கத்தினேனே, ஒருத்தனாவது கேட்டீங்களா? இன்னும் அழுத்தி மிதித்தார்.

கொடிக்கயிறு போன இடம் தெரியவில்லை. திடலின் மறுபக்க வளைவில் திரும்பினார். அங்கேதான் அது நடந்தது. முன்னால் தொப்பி இல்லை, தோள் இல்லை, தொந்தி பிதுங்கின சட்டை இல்லை. கரும்புத் தோட்டம், அதற்கு மேலே மெராபி எரிமலை, உச்சியில் ஒரு துளிப் புகை. இந்தப் பாதையில் மலை தெரியும் என்று முன்னால் போகிறவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறார். ஏதோ பெருமைக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்திருந்தார். நிஜமாகவே இருந்தது.

ஒரு சுற்று முடிந்து மறுபடி கொடிக்கயிற்றுப் பக்கம் வந்தால், பகீரென்றது. எதிரே முதுகுகள்! அதே பதினாலு முதுகு, புறப்பட்ட இடத்திலிருந்து பத்துத் தப்படிகூட நகராமல், குடிகாரர்கள் மாதிரி ஆடிக்கொண்டிருந்தன. ‘அடப்பாவிகளா, ஒரு முழுச் சுற்று முந்திட்டேனா!’ மணியடித்துக்கொண்டே அவர்களைக் கடந்து போனார்.

அப்போதுதான் தலிஜோ அவர் முதுகைப் பார்த்தான். ருமியாதி தைத்தது கோதுமை மாவு மூட்டைத் துணி. நட்ட நடுவில் நீல எழுத்தில் அச்சடித்திருந்தது: ‘நிகர எடை 25 கிலோ’. தலிஜோ சிரித்த சிரிப்பில் கால் தரையைத் தொட்டுவிட்டது. அவனைப் பார்த்து இன்னும் நாலு பேர் ஆட்டம் இழந்தார்கள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கசிரான் ஒரு கையை உயர்த்தி அவர்களுக்கு வணக்கம் வைத்துவிட்டு இரண்டாவது சுற்றுக்குப் போனார்.

மூன்றும் முடித்து வந்தவர் குளிர்பானக் கடையில் போய் நின்றார். வியர்த்துக் கொட்டியது. முகத்தில் மாப்பிள்ளைக் களை. கடைக்காரம்மா அவரைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள்.

“இருபத்தஞ்சு கிலோன்னு போட்டிருக்கே. எனக்கென்னவோ அம்பதுக்குக் குறையாதுன்னு தோணுது.”

“என்னம்மா?”

“சட்டையைக் கழட்டிப் பாருங்க பெரியவரே. அப்புறம், போட்டியில முதல் ஆளா வெளியே போனது நீங்கதானே? பாவம், யாரும் சொல்லலையா?”

கசிரான் சட்டையைக் கழற்றிப் படித்தார். பிறகு கொடிக்கயிற்றுப் பக்கம் பார்த்தார். ஹர்ஜோனோ தன்னந்தனியாக, சைக்கிள் நிற்கிறதா நகர்கிறதா என்று தெரியாத வேகத்தில், கடைசி ஆளாகக் கயிற்றைத் தொட்டுக்கொண்டிருந்தார். அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருஷம் இருந்த மனுஷன், அவருக்கு யார் சொல்லித்தர வேண்டும்!

திரும்பும் நேரம். மின்விசிறியைச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு தலைவர் கனைத்தார்.

“அதாவது கசிரான், நீ உன் வழக்கப்படி கடைசியா வந்திருந்தா இது உனக்குத்தான் கிடைச்சிருக்கும். போகட்டும். அதாவது, இன்னிக்கு ஒரு நாள் ஆசை தீர முன்னாடியே போறியா?”

மற்றவர்கள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்கள். கசிரான் சட்டையை மாட்டி, ஒவ்வொரு பொத்தானாகப் போட்டு, பம்பைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு சொன்னார்:

“தலைவரே, இருபத்து நாலு வருஷமா உங்க காற்சட்டை கிழிஞ்சா நான் சொன்னேன், இவன் சட்டையில காக்கா எச்சம் போட்டா நான் சொன்னேன், இன்னிக்கு ஒரே ஒரு நாள் என் முதுகு உங்க கண்ணு முன்னாடி போச்சு, மாவு மூட்டை கணக்கா எடை எழுதி ஒட்டியிருக்குன்னு ஒருத்தனாவது வாயைத் திறந்தீங்களா? நான் மலையைப் பார்த்துட்டேன், எனக்கு அது போதும். பின்னாடி வர்றதுக்கும் ஒரு தகுதி வேணும்யா, அது உங்க பதினாலு பேர்ல ஒருத்தனுக்கும் கிடையாது. நடங்க முன்னாடி!”