இடம் போட்ட பை

பட்டப்பகலில் ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டால் எனக்கு இன்னும் ஆகாது. எங்கள் வீதி முனையில் இருக்கும் பிரியாணிக் கடைக்காரர் மூன்று மணிக்குக் கொஞ்சம் கண்ணயர ஷட்டரை இழுத்துவிடுவார். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அந்தச் சத்தம் கேட்டதும் கை தானாகப் போய் கேட்டைத் தாழ்போடும். பிறகு என்னையே நான்கு வார்த்தை திட்டிக்கொண்டு திறந்துவிடுவேன்.

கல்யாணத்துக்கு முன் டவுனில் ஒரு ஜவுளிக் கடையில் சேலைப் பிரிவில் நின்றேன். மதக் கலவரத்தில் ஊர் கெட்டுக் கிடந்த வருடங்கள் அவை. ஒரு நாள் இரண்டு நாள் கதை இல்லை. எங்கோ ஒருவரைக் குத்திவிட்டார்கள் என்று சேதி வரும். வீதியின் அந்தக் கோடியிலிருந்து ஷட்டர்கள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டே எங்களை நோக்கி வரும். எங்கள் ஷட்டரும் விழும். சேலை எடுக்க வந்தவர்களும் நாங்களும் யார் எந்தச் சாமி என்று பார்க்காமல் இருட்டில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அதன் பிறகு குண்டுகள் வந்தன. ஆளில்லாத பையைத் தொடாதீர்கள், தள்ளிப் போங்கள் என்று போலீஸ் வண்டி ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே போகும்.

எனக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. அதனாலேயே யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை. கை கால் போனவர்கள் இருக்கும் ஊரில், எனக்குப் பையைப் பார்த்தால் பயம் என்று சொன்னால் யார் கேட்பார்கள்? ஹோட்டலுக்குப் போனால் வாசலைப் பார்த்த நாற்காலிதான் எனக்கு வேண்டும். கல்யாண மண்டபத்தில் பந்திக்கு முன்பே நாற்காலிக்கு அடியில் குனிந்து பார்த்துவிடுவேன். சிங்காநல்லூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் வீட்டுக்காரர் இதைக் கேலி செய்தே பழகிவிட்டார். "போலீஸ் நாய்க்குக்கூடச் சோறும் டாக்டரும் உண்டு புள்ள, உனக்கு அதுவும் இல்லெ" என்பார். நானும் சிரித்துவைப்பேன். சிரித்துக்கொண்டே அடுத்த நாற்காலிக்கு அடியிலும் பார்ப்பேன்.

இதெல்லாம் என்னோடு போயிருந்தால் பரவாயில்லை. எங்களுக்கு ஒரே மகள். பள்ளிக்கூடம், கல்லூரி, டியூசன் என்று அவள் போன இடத்துக்கெல்லாம் என் ஸ்கூட்டியில்தான் போனாள். பஸ்ஸில் ஏற்றியதே இல்லை. போன ஆண்டு அவளுக்குச் சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. முதல் மாதம் முழுக்க நானே கொண்டுபோய் விட்டேன். கூட வேலை செய்பவர்கள் சிரிக்கிறார்கள் என்றாள். சிரித்தால் சிரிக்கட்டும், பல்லு சுளுக்கிக்கொள்ளாது என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இனி பஸ்ஸுலதானுங்மா போவேன். ஆகாதுன்னா சொல்லிப்போடுங்க, அங்கியே ஹாஸ்டல்ல தங்கிக்கறேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஹாஸ்டல் என்றால் அங்கே எத்தனை பேர், எத்தனை பைகள்! ஒரே ஒரு நாள் நானும் பஸ்ஸில் கூட வருகிறேன், எல்லாம் சரியாக இருந்தால் அப்புறம் உன் இஷ்டம் என்றேன். நான் வாயை மூடிக்கொண்டு வரவேண்டும் என்பது அவள் போட்ட நிபந்தனை. ஒத்துக்கொண்டேன்.

சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் காலைக் கூட்டம். பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியே துண்டும் பையும் உள்ளே பறந்தன. சீட்டில் எது விழுந்ததோ அதற்குரியவருக்கு அந்த இடம். எங்கள் பக்கத்தில் இதற்கு எழுதாத சட்டம் உண்டு, யாரும் மீறமாட்டார்கள். சின்ன வயதில் நானே பொங்கலுக்கு ஊருக்குப் போகையில் சோற்றுத் தூக்குப்போசியை எறிந்து இடம் போட்டவள். எல்லாம் தெரியும்.

நாங்கள் ஏறி உட்கார்ந்தோம். முன் சீட்டில் ஒரு கறுப்புப் பை சாய்ந்து கிடந்தது. பக்கத்தில் ஆள் இல்லை. பஸ் நிறைந்துகொண்டே வந்தது, அந்தப் பைக்கு மட்டும் யாரும் வரவில்லை. மகள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். சும்மா இருங்கள் என்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டேன். டிரைவர் ஏறி வண்டியைக் கிளப்பினார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"ஏனுங்க, இது யாருதுங்க பையி?"

பாதிப் பேர் காதில் பாட்டு. இன்னொரு தரம் கேட்டேன். பிறகு என் தொண்டையிலிருந்து வந்த சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. "எறங்குங்க! எல்லாரும் எறங்குங்க! பையிக்கு ஆளில்லீங்க!"

பஸ் காலியானது. யாருடைய டிபன் பாக்ஸோ படியில் உருண்டது. டிரைவர் தன் பக்கக் கதவு வழியே குதித்தார். அப்போதுதான் டீ டம்ளரோடு வேட்டிக்காரர் ஒருவர் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார்.

"ஐயோ அம்மிணி, அது என்ற பையிங்க. எடம் போட்டுப்போட்டு டீ குடிக்கப் போனனுங்க."

எல்லோர் முன்னாலும் பையைத் திறந்து காட்டினார். இரண்டு தேங்காய், ஒரு பொட்டலம் முறுக்கு, ஒரு சட்டை. இளசுகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் வயதுக்காரர்கள் சிரிக்கவில்லை, தள்ளி நின்ற இடத்திலேயே நின்றார்கள். அவரும் சிரிக்கவில்லை. "அப்ப டவுன்ல இருந்தீங்ளா?" என்று மெதுவாகக் கேட்டார். தலையாட்டினேன். எல்லோரும் மறுபடி ஏறினோம், வழி முழுக்க அவர் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

மகள் சரவணம்பட்டியில் இறங்கித் திரும்பிப் பார்க்காமல் போனாள். அன்று பகல் எனக்கு எதுவும் ஓடவில்லை. அரிசியை இரண்டு தரம் களைந்தேன். சாயங்காலம் அவள் வந்ததும் நானே முந்திக்கொண்டேன்.

"ஹாஸ்டலுக்கே போயிரு கண்ணு. என்னோட இருந்தா உனக்கு மானக்கேடு."

அவள் காலணியைக்கூடக் கழற்றவில்லை. "நாந்தானுங்மா மொதல்ல பாத்தேன்" என்றாள். "ஏறறப்பவே பாத்தேன். அதுக்குத்தான் உங்க கையப் புடிச்சேன். நீங்க கத்துலீன்னா நாங் கத்தியிருப்பேன்." அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தாள். "ஆபீஸ்லயும் அப்படித்தானுங்மா. யாராச்சும் பேக்க விட்டுப்போட்டு எந்திரிச்சுப் போனா, திரும்பி வர்ற வரைக்கும் எனக்கு மூச்சு விட வராது."

அந்த நாட்களுக்கெல்லாம் வெகு பின்னால் பிறந்தவள் அவள். ஒரு குண்டுச் சத்தமோ கலவர ஊரடங்கோ அறியாதவள். குழந்தையிலிருந்து அவள் கையைப் பிடித்து ரோட்டைக் கடக்கும்போதெல்லாம் என் கை நடுங்கியதுதான் அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்த பாடம் போல. அவளைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.

"டாக்டருகிட்டப் போலாமுங்மா. ரெண்டு பேரும்" என்றாள். சரி என்றேன்.

மறுநாளும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். அவளை ஏற்றிவிட மட்டும்தான் நான். பஸ் வந்தது. அவள் தோளிலிருந்த பையைக் கழற்றினாள், சற்றுத் தயங்கினாள், ஜன்னல் வழியே உள்ளே போட்டாள். பை சீட்டில் தனியாகக் கிடந்தது. அதில் தயிர்சாதமும் மாவடுவும் இருப்பது எனக்குத் தெரியும், கட்டிவைத்ததே நான்தான். இருந்தும் கால் பின்னால் போகப் பார்த்தது. அவள் மேலுதடு வேர்த்திருந்தது.

"ஏறட்டுங்ளாமா?"

"ஏறு கண்ணு."

கூட்டத்தில் முட்டி மோதி ஏறி, பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எனக்குக் கையாட்டினாள். பஸ் கிளம்பியது. பின்னாலேயே ஓடிப்போய் நிறுத்தச் சொல்லி உடம்பெல்லாம் பதறியது. அது வளைவில் மறையும்வரை, ஓடாமல் நின்றேன்.